இரண்டு பெட்டி ரயிலில் குச்சான் வரை

ஓட்டாரு நிலையத்தோடு மின்சார ரயில் முடிந்துவிடுகிறது. சப்போரோவிலிருந்து கடலை ஒட்டியே வந்த சுற்றுலாக் கூட்டம் அங்கே இறங்கி, கால்வாயைப் பார்க்கப் போய்விட்டது. எனக்கான வண்டி பக்கத்துப் பிளாட்பாரத்தில் நின்றது. டீசல் வண்டி, இரண்டே பெட்டி. அதில் ஏறுவதற்காகத்தான் அக்டோபர் குளிரில் ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோ வரை வந்தேன். ஓட்டாருவிலிருந்து ஓஷமாம்பே வரை போகும் அந்த 140 கிலோமீட்டர் பாதையை மூடிவிட்டு பஸ் விடுவது என்று 2022-லேயே முடிவெடுத்துவிட்டார்கள்.

மூடப்போகும் பாதை என்றதும் காலிப் பெட்டியைத்தான் எதிர்பார்த்தேன். உள்ளே உட்கார இடமில்லை. பள்ளி விட்டு வீட்டுக்குத் திரும்பும் பிள்ளைகள், காய்கறிப் பையோடு பெண்கள், வேலை முடித்தவர்கள் என்று நிறைந்திருந்தது. யோய்ச்சி வரும்வரை நின்றுகொண்டே போனேன். அங்கே பாதிப் பேருக்கு மேல் இறங்கினார்கள். ஓட்டாரு–யோய்ச்சி பகுதியில் கொரோனாவுக்கு முன்பு ஒரு நாளைக்கு 2,000 பேருக்கு மேல் பயணம் செய்தார்கள் என்று கணக்கு இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் பஸ்ஸுக்கு மாற்றுகிறார்கள். இந்த முடிவை என்னால் ஏற்கவே முடியவில்லை.

காரணம் என்னவென்றால், சப்போரோவுக்கு ஷின்கான்சென் வருகிறது. ஒரு தடத்தில் அதிவேக ரயில் வந்தால், அதற்கு இணையாக ஓடும் பழைய பாதையை ரயில் நிறுவனம் கைகழுவிக்கொள்ளலாம் என்று 1990-இல் அரசும் ஆளுங்கட்சியும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அதன்பின் அந்தப் பாதை உள்ளூர் நிர்வாகங்களின் தலையில் விழும். பணம் இருந்தால் நடத்தலாம், இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான். 1997-இல் நாகானோவுக்கு ஷின்கான்சென் போனபோது யொகொகவா–கருயிசாவா மலைப்பாதை அப்படித்தான் மூடப்பட்டு, அங்கே பஸ் வந்தது. இப்போது குச்சானின் முறை.

யோய்ச்சியைத் தாண்டியதும் வண்டி மலைக்குள் நுழைந்தது. மஞ்சளும் சிவப்புமாகக் காடு. குச்சானை நெருங்கும்போது 1,898 மீட்டர் உயர யோதெய் மலை தெரிந்தது, உச்சியில் புதுப்பனி. அதன் அடியில் உருளைக்கிழங்கு வயல்கள். உசு எரிமலை 2000 மார்ச்சில் வெடித்தபோது, தெற்கே கடலோரமாகப் போகும் இன்னொரு ரயில் பாதை நின்றுபோனது. அப்போது சரக்கு ரயில்களையும் தொலைதூர ரயில்களையும் இந்த மலைப்பாதை வழியாகத்தான் திருப்பிவிட்டார்கள். உசு அடிக்கடி விழித்துக்கொள்ளும் மலை. அடுத்த முறை எந்தப் பாதையில் திருப்புவார்கள்?

சரி, ஷின்கான்சென்னாவது சீக்கிரம் வருமா? 212 கிலோமீட்டர் நீட்டிப்பு அது, அதில் ஏறக்குறைய 80 சதவீதம் சுரங்கம். 2030-ஆம் நிதியாண்டுக்குள் முடிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். யோதெய் மலைப் பக்கத்துச் சுரங்கத்தில் பெரும் பாறை குறுக்கே வந்து துளைக்கும் இயந்திரம் நின்றுவிட்டது. இப்போது 2038-ஆம் நிதியாண்டின் கடைசி என்கிறார்கள். 1.67 லட்சம் கோடி யென் என்றிருந்த செலவை 2022 கடைசியிலேயே 2.3 லட்சம் கோடிக்கு உயர்த்திவிட்டார்கள். பஸ் பக்கமும் சிக்கல்தான். ஓட்டுநர் கிடைக்காமல் பஸ் நிறுவனங்கள் திணறியதால் மாற்றுப் பேச்சே இடையில் நின்றுபோனது. ஆளில்லாத தொழிலை நம்பி ஆளேறும் ரயிலை நிறுத்துகிறார்கள்.

இதன் வேர் 1987-இல் இருக்கிறது. அந்த ஏப்ரல் 1 அன்று தேசிய ரயில்வேயை ஆறு பயணிகள் நிறுவனங்களாகவும் ஒரு சரக்கு நிறுவனமாகவும் பிரித்தார்கள். லாபம் கொட்டும் டோக்கியோ–ஒசாக்கா ஷின்கான்சென் ஒரு நிறுவனத்துக்குப் போனது. பனியும் நீண்ட தூரமும் குறைந்த மக்களும் ஹொக்கைடோ நிறுவனத்தின் பங்குக்கு வந்தன. நட்டத்தை ஈடுகட்ட சுமார் 68,000 கோடி யென் நிதி ஒன்றைக் கொடுத்து, வட்டியில் பிழைத்துக்கொள் என்றார்கள். 7.3 சதவீத வட்டி என்று கணக்குப் போட்டிருந்தார்கள். ஜப்பானில் வட்டி எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். 2016 நவம்பரில் அந்த நிறுவனம், 1,237 கிலோமீட்டர் பாதையைத் தன்னால் மட்டும் காப்பாற்ற முடியாது என்று அறிவித்தது. தன் பாதைகளில் பாதி அது. நான் அந்த நிறுவனத்தைக் குறை சொல்ல மாட்டேன். சாலைக்கும் பாலத்துக்கும் யாரும் லாபக்கணக்குக் கேட்பதில்லை, ரயிலுக்கு மட்டும் கேட்கும் கொள்கையைத்தான் குறை சொல்கிறேன். மக்கள்தொகை குறைகிறது, எல்லா வீட்டிலும் கார் இருக்கிறது என்பதெல்லாம் உண்மை. கார் ஓட்ட முடியாதவர்கள் இருப்பதும் உண்மை.

இரண்டு நாள் கழித்து புரானோவுக்குப் போனேன். அங்கிருந்து ஷின்தோகு வரை 81.7 கிலோமீட்டர் பாதை இருந்தது. 2016 ஆகஸ்டில் வந்த புயல் அதில் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போனது. சரிசெய்ய சுமார் 1,050 கோடி யென் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். அப்புறம் ஆண்டுதோறும் பராமரிப்புக்கும் உள்ளூர் ஊர்கள் பணம் தர வேண்டும் என்றார்கள். அந்தச் சின்ன ஊர்களால் முடியவில்லை. 2024 மார்ச் 31 அன்று அந்தப் பகுதி முழுவதும் மூடப்பட்டது. சுரங்கத்துக்குக் கூடுதலாகத் தேடியெடுத்த பணத்தோடு ஒப்பிட்டால் அந்த 1,050 கோடி எவ்வளவு சிறிய தொகை!

இப்போது பஸ்தான். புரானோவில் என் பக்கத்தில் ஒரு பாட்டி உட்கார்ந்தார், எண்பது வயது இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு இகுதோராவுக்குத் திரும்புகிறாராம். என்னிடம் ஆரஞ்சு மிட்டாய் ஒன்று இருந்தது, கொடுத்தேன். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். மிட்டாய் தின்றால் தாகம் எடுக்கும் என்றார். பஸ்ஸில் கழிப்பறை இல்லை, அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லையாம். ரயிலில் கழிப்பறை இருந்தது என்று இரண்டு முறை சொன்னார்.

இகுதோராவில் மெதுவாக இறங்கினார். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தேன். சாலையோரம் நின்றபடியே பையிலிருந்து தேநீர் பாட்டிலை எடுத்துத் திறந்துகொண்டிருந்தார்.