நிறுத்தி வைக்கும் காரின் பற்றரி

2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற மாதங்களில், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுத் தகரக் கொட்டகைக்குள் அசையாமல் நின்ற காரின் பற்றரியை நான் ஒருமுறையேனும் கவனிக்கவில்லை. எரிபொருள் கிடைத்த நாளில் திறப்பைத் திருகியபோது ‘டிக்’ என்ற ஓசை மட்டுமே எழுந்தது. மூடிகளைக் கழற்றிப் பார்த்தால், தகடுகளின் மேல் ஈயச் சல்பேற்று சாம்பல் பூத்தாற்போல் படிந்திருந்தது. இரண்டு வயதுகூட ஆகாத பற்றரி அது. இன்றும் மனம் ஆறவில்லை.

ஈய அமிலப் பற்றரி சும்மா இருந்தாலும் மின்னை இழந்துகொண்டே இருக்கும். வெப்பநிலை 10 பாகை கூடினால் அந்த இழப்பு ஏறத்தாழ இருமடங்காகும். ஆகையால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மின்னேற்றினால் போதும் என்று குளிர்நாட்டுக் கையேடுகள் சொல்லும் தவணை, ஆண்டு முழுவதும் வெக்கை குறையாத கொழும்புக்குப் பொருந்தாது. மின் குறைந்த தகடுகளில் படியும் சல்பேற்று தொடக்கத்தில் மின்னேற்றத்தால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டுவிட்டால் பளிங்குகளாக இறுகிப் பின்னர் எதற்கும் இளகாது.

இம்முறை நான்கு மாதம் ஊரில் இருக்கமாட்டேன் என்பதால், பற்றரியைக் கழற்றியே வைத்தேன். ஸ்பானர் காரின் உடலில் பட்டுத் தீப்பொறி பறக்காதிருக்க, முதலில் கழற்ற வேண்டியது எதிர்முனை (−). முனைகளில் பூத்திருந்த பச்சை வெண்மைப் படிவின் மேல் அப்பச்சோடா கரைத்த நீரை ஊற்றியதும் அது சீறி நுரைத்து அடங்கியது. மூடிகள் இறுக்கமாக இருப்பது இங்கே மிக முக்கியம், அந்த நீர் ஒரு துளியும் உள்ளே போகக்கூடாது.

ஐதரசன் வெளியேறும் என்பதால் காற்றோட்டமான விறாந்தையில், 45 அம்பியர் மணிப் பற்றரிக்கு 4 அம்பியர் அளவில் மெதுவாக மின்னேற்றினேன். காய்ச்சி வடித்த நீரைக் குறியளவுக்கு விட வேண்டியது மின்னேற்றிய பின்னரே. முன்னரே நிரப்பினால் அமிலம் பொங்கி வழியும். ஓர் இரவு ஆறவிட்டு அளந்தபோது 12.7 வோல்ற்று காட்டியது. அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஐதரோமீற்றரில், பற்றரியின் ஆறு அறைகளில் ஐந்து 1.270, மூன்றாவது மட்டும் 1.255, கவலைப்படும் அளவு வேறுபாடு அன்று, ஆயினும் குறித்துக்கொண்டேன்.

சீமெந்துத் தரையில் வைத்தால் மின் இறங்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்வது பழைய மரப்பெட்டிக் காலத்துக்குரியது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அந்த அச்சம் தேவையில்லை. வெயில்தான் பகை. எனவே வீட்டுக்குள் நிழலான தட்டில் வைத்து, திகதியும் அளவுகளும் எழுதிய தாளை அதன்மேல் ஒட்டினேன். மாதந்தோறும் தம்பி அளப்பான், 12.4 க்கு இறங்கினால் அன்றைக்கே மின்னேற்றுவான்.