திங்கக்கிழமை கொக்கிரகுளம்

காலை பத்து மணி. திருநெல்வேலி சுலோச்சனா முதலியார் பாலத்துல வண்டி அப்படியே நிக்குது. கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல இன்னைக்கு மக்கள் மனு குடுக்குற நாள்லா!

ஜங்ஷன் ரயிலடியில இறங்குறவங்க கார் பிடிக்காதீங்க. பாளையங்கோட்டை போற டவுன் பஸ்ல ஏறி "கலெக்டர் ஆபீஸ்"னு சொன்னா போதும். பாலம் தாண்டினதும் இறங்கிரலாம். சாதா டவுன் பஸ்னா பெண்களுக்கு இலவசம்.

பாலம் முட்டிக்கிட்டா நடந்துருங்க. 1843ல திறந்த பாலம், பிறகு அகலப்படுத்தியும் பத்தல. ஆத்துக் காத்து வாங்கிக்கிட்டே பஸ்ஸை முந்திரலாம்.

கார்லதான் வருவேம்னா ஒன்பதுக்கு முன்னாடி வந்துருங்க அண்ணாச்சி.

வாசல்ல போலீஸ் பையைத் திறந்து பாப்பாங்க, பாட்டில் இருந்தா அதையும். வரிசை நீளுறது அங்கதான். மனுவை வீட்லயே எழுதி, ஒரு ஜெராக்ஸும் எடுத்துட்டு வாங்க.