தெரியலீங்க

முன்னாள் மனைவி நிக்கோலைக் கொன்றதாக அமெரிக்காவில் ஓ.ஜே. சிம்ப்சன் மீது நடந்த வழக்கைப் பற்றி 2016இல் வந்த ஆவணப்படம் ஏறக்குறைய எட்டு மணி நேரம். போன மழைக்காலத்தில் மூன்று இரவுகளாகப் பார்த்தேன். கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் ஒரு சொல்லைப் பத்து வருடமாகத் தான் சொன்னதேயில்லை என்று துப்பறியும் பொலிஸ்காரர் ஃபர்மன் கூண்டில் ஏறிச் சொல்கிறார். பிறகு அவர் குரலிலேயே ஒலிநாடாக்கள் வெளிவருகின்றன. ஒரே சொல் வழக்கையே ஆட்டிவிட்டது.

பிறகு தேடி வாசித்ததில் ரோசா லோபஸைப் பற்றி அறிந்தேன். சிம்ப்சனின் பக்கத்து வீட்டில் வேலை செய்தவர், எல் சல்வடோர்க்காரர். அவர் ஸ்பானிய மொழியில் சொன்ன சாட்சியத்தை ஓர் உரைபெயர்ப்பாளர் மொழிபெயர்த்தார். குறுக்கு விசாரணையில் திரும்பத் திரும்ப "நினைவில்லை" என்றார். அவர் பேச்சில் அது "இல்லை" என்பதுதான் என்று சிம்ப்சனின் தரப்பு விளக்கம் கொடுத்தது. எனக்கோ அந்த உரைபெயர்ப்பாளரின் நினைவாகவே இருந்தது.

நானும் அதே வேலைதான் செய்கிறேன், இலங்கை நீதிமன்றத்தில், தமிழிலிருந்து சிங்களத்துக்கு.

அந்த அம்மா தேயிலைக் கொழுந்து எடுப்பவர். சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் ஒரு பெண்ணின் மண்டை உடைந்த வழக்கு. எதிரி அவளுடைய புருசன். அவன் அடித்ததைக் கண்டீர்களா என்று கேட்டார்கள். "தெரியலீங்க ஐயா" என்றார். நான் சிங்களத்தில் "தன்னே நே", அறியேன், என்றேன்.

தோட்டத்து லயத்தில் பிறந்த எனக்கு அந்தச் சொல் புதிதல்ல. இருட்டில் கண்ணுக்குப் படாவிட்டாலும் தெரியல, விசயமே அறியாவிட்டாலும் தெரியல. சிங்களத்தில் இரண்டும் வேறு. "பெனுனே நே", கண்ணில் படவில்லை, என்றிருந்தால், சரி, சத்தமாவது கேட்டதா என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். நான் சொன்னதோடு கேள்வி நின்றது. சில தவணைகளுக்குப் பிறகு அவன் விடுதலையானான்.

அன்று வழக்குகள் குவிந்து கிடந்தன. நீதவானிடம் அனுமதி பெற்று இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்தான். ஆனால் நம் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறான் என்ற பேச்சு எழும். அதோடு, அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் அந்த அம்மா நாளையும் சமைக்க வேண்டும். பயத்தில் தெரிந்தே "தெரியல" என்றிருந்தால் என் மொழிபெயர்ப்பு சரிதான். இப்படி நினைத்து இரண்டு நாள் நிம்மதியாக இருப்பேன். பிறகு படத்தில் கேட்ட நிக்கோலின் குரல் வரும். பொலிஸைக் கூப்பிட்டு அவர் அழுத அழுகை. மனைவியை அடித்ததற்காக சிம்ப்சன் 1989இலேயே தண்டனை பெற்றவர். அந்தக் குரலுக்கு உரைபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. அப்படியும் நிக்கோலைக் காப்பாற்ற முடியவில்லை. அப்படியானால் என் ஒரு சொல்லால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டுக்கொள்கிறேன். இது நியாயமா, சாக்கா?

வழக்கு முடிந்து வெளியே வந்தபோது வாசலில் அந்த அம்மா குடையோடு நின்றிருந்தார்.

"ஐயா, நான் சொன்னத அப்படியே சொல்லிட்டீங்கதானே?"

"அப்படியேதாம்மா சொன்னேன்."

என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடுதான் இன்னும் போகவில்லை.

போன மாதம் ஒரு பெரியவர் அதே சொல்லைச் சொன்னார். இம்முறை அனுமதி கேட்டேன். "கண்ணுக்குத் தெரியலையா, இல்ல விசயமே தெரியாதா?"

கூண்டுக் கட்டையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு சொன்னார், "தெரியலீங்க."