கோடம்பாக்கம் பாலமும் என் இரண்டாவது ஆட்டோமேட்டிக்கும்

சாலிகிராமத்திலிருந்து நுங்கம்பாக்கத்தில் இருக்கும் என் ஆபீசுக்கு ஏழு கிலோமீட்டர் இருக்கும். நடுவில் கோடம்பாக்கம் பாலம். அந்த ஒரு ஏற்றத்துக்காகத்தான் கார் மாற்றினேன் என்றால் எங்க வீட்டுக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும், அவர் மின்சார ரயிலில் போகிறவர்.

2016ல் இடது முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தபோது, இனி கிளட்ச் மிதிக்க முடியாது என்று ஏஎம்டி என்கிற, கிளட்ச் மிதி இல்லாத ஆட்டோமேட்டிக் வகையில் ஒரு சின்ன கார் வாங்கினேன். 2014ல் மாருதி செலேரியோவில் வந்ததிலிருந்து நம் ஊரில் ஏஎம்டி என்ற பேச்சு பரவியிருந்த சமயம். விலையும் கியர் வண்டியைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். என்னுடையது என்ன கம்பெனி என்பது இங்கே வேண்டாம். வண்டி மேல் எனக்குக் கோபம் இல்லை, ஒன்பது வருஷம் உழைத்தது.

ஆனால் ஏஎம்டி என்பது உள்ளுக்குள் சாதாரண கியர் வண்டிதான். அதே கிளட்ச், அதே கியர். மிதிப்பதையும் மாற்றுவதையும் நமக்குப் பதில் ஒரு மோட்டார் செய்யும். உள்ளே ஒரு கிளீனர் பையன் உட்கார்ந்துகொண்டு, 'இப்ப ரெண்டாவது போடலாமா?' என்று யோசித்துப் போடுகிற மாதிரி இருக்கும். அந்த யோசனை நேரத்தில் வண்டிக்கு இழுவை விட்டுப்போகும், நம் தலை முன்னால் போய் வரும். கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டு முன்சீட்டில் வருகிற எங்கம்மா தஞ்சாவூர் பொம்மை மாதிரி ஆடிக்கொண்டே கேட்பார்: "இவன் ஏண்டி ஒவ்வொரு தடவையும் தயங்குறான்?" மாறப் போகிற நொடியில் ஆக்ஸிலேட்டரை லேசாக விட்டால் ஆட்டம் குறையும். அது பழகவே எனக்கு ஆறு மாதம் ஆனது.

பாலம்தான் தீராத வம்பு. மெட்ரோ வேலை தொடங்கியதிலிருந்து ஆற்காடு ரோடு சுருங்கிப்போய், காலையில் பாலத்து ஏற்றத்திலேயே நாலைந்து முறை நிற்க வேண்டியிருந்தது. ஏற்றத்தில் வண்டி உருளாமல் தானே பிடித்துக்கொள்ளும் ஹில் ஹோல்ட் என் வண்டியில் கிடையாது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் பின்னால் உருளும், பின்னால் ஆட்டோ முத்தம் கொடுக்கிற தூரத்தில் நிற்கும். பயத்தில் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியை ஏற்றத்தில் நிறுத்தி வைப்பேன். கிளட்ச் பாதி ஒட்டியும் ஒட்டாமலும் தேய்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஒருநாள் பாலத்து உச்சியில் கருகல் வாடை வந்தபோதுதான் தெரிந்தது. 58,000 கிலோமீட்டரில் கிளட்ச் மாற்றினேன். மெக்கானிக் தம்பி பில்லை நீட்டிவிட்டுச் சொன்னான்: "தப்பு வண்டி மேல இல்லக்கா, கால் மேல. ஏத்தத்துல ஹேண்ட் பிரேக் போட்டுக்குங்க."

எலெக்ட்ரிக் வாங்கச் சொல்லி மகன் ஒற்றைக்காலில் நின்றான். டியாகோ இவி ஓட்டிக்கூடப் பார்த்தேன், ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் அபார்ட்மெண்டில் என் மீட்டரிலிருந்து பார்க்கிங்குக்கு ஒரு வயர் இழுக்க அசோசியேஷன் மூன்று கூட்டம் போட்டும் முடிவு எடுக்கவில்லை. 2025 செப்டம்பர் 22லிருந்து சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியபோது புது வண்டி சபலம் வந்தது. அப்போதும் என் கணக்குக்கு எட்டவில்லை.

கடைசியில் தாம்பரம் பக்கம் ஒரு 2017 ஹோண்டா ஜாஸ் கிடைத்தது, சிவிடி என்கிற வேறு வகை ஆட்டோமேட்டிக். 44,000 ஓடியது, ஒரே ஓனர், 5,40,000 ரூபாய். 2023லேயே நிறுத்திவிட்ட மாடலாச்சே, பார்ட்ஸ் கிடைக்குமா என்று மெக்கானிக்கைக் கேட்டேன். "ஹோண்டா அமேஸ்லயும் இதே 1199 சிசி இன்ஜின்தான்க்கா, கவலைப்படாதீங்க" என்றான். (1200க்கு ஒன்று குறைச்சலாக 1199 ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? நீளம் நாலு மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள் இருந்தால்தான் சின்ன கார் வரி.)

சிவிடியில் கியர்ப் படிகளே கிடையாது. இரண்டு புல்லி, நடுவில் ஒரு இரும்பு பெல்ட். தையல் மிஷின் பெல்ட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இங்கே புல்லிகளே விரிந்தும் குறுகியும் வேகத்தை மாற்றும். மாற்றுவதற்கு கியர் இல்லாததால் தயக்கமும் இல்லை. முதல் நாள் கேகே நகர் வரை போய்வந்த அம்மா, "வண்டி ஓடுதா, நிக்குதா?" என்றார். ஜாஸில் பெட்ரோல் டேங்க் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதாலோ என்னவோ, சீட்டும் கொஞ்சம் உயரம். அம்மா குனியாமல் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார்.

அசிங்கப்பட்டதையும் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டியின் கியர் லீவரில் பி (பார்க்கிங்) என்ற இடமே இல்லை. டியில் (டிரைவ்) விட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை உருவிக்கொண்டு போவதுதான் வழக்கம். முதல் நாள் ஆபீஸ் பேஸ்மெண்டில் அதே மாதிரி செய்தால், சாவி வருவேனா என்கிறது. பத்து நிமிஷம் திருகினேன். செக்யூரிட்டி அண்ணன் எட்டிப் பார்த்து, "மேடம், பியில போடுங்க" என்றார். அவர் முன்னாள் டிரைவராம்.

குறை இல்லாமல் இல்லை. பைபாஸில் லாரியைத் தாண்ட அழுத்தி மிதித்தால், முதலில் இன்ஜின் சத்தம்தான் போகிறது, வண்டி அப்புறம் நிதானமாக வருகிறது. மிதியைப் பாதியிலேயே வைத்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்து போகின்றன. ஆபீஸ் போக்குவரத்தில் முன்பு லிட்டருக்கு 15 கிடைத்தது, இப்போது பதினொன்றரை. மாசத்துக்கு சில நூறு ரூபாய் கூடுதல். கழுத்துவலி மாத்திரைச் செலவு மிச்சம் என்று அம்மா கணக்குச் சொல்கிறார், அது பாதிதான் தேறும்.

பழைய வண்டியை மேல்மாடிப் பையன் வாங்கிக்கொண்டான், வேலை கிடைத்து ஆறே மாதம். போன வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு போன். பின்னணியில் ஹார்ன் சத்தம் காதைக் கிழிக்கிறது.

"ஆன்ட்டி, பாலத்துல நிக்கிறேன். வண்டி பின்னாடி போகுது."

"ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடுப்பா," என்றேன். "ஹேண்ட் பிரேக்கைப் போடு முதல்ல."