அப்பா காலமான வருடத்து வருமான வரிக் கணக்கு

காரியம் முடிந்து சொந்தபந்தம் ஊருக்குக் கிளம்பியதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "அப்பா சொத்து நம் பேருக்கு வந்தா வரி கட்டணுமா?" கட்ட வேண்டாம். இறந்தவர் சொத்துக்குப் போட்டுவந்த எஸ்டேட் டியூட்டி என்ற வரியை 1985-லேயே எடுத்துவிட்டார்கள். உயில் மூலமோ வாரிசு முறையிலோ வரும் வீடு, நிலம், நகை, டெபாசிட் எதுவும் பெறுபவரின் வருமானம் ஆகாது. ஆனால் இறந்த தேதிக்குப் பிறகு அந்தச் சொத்து ஈட்டுவது வாரிசின் வருமானம். அந்தத் தேதியில் கோடு போடாமல் விடுவதுதான் முக்கால்வாசிச் சிக்கலுக்குக் காரணம்.

ஓசூரில் மாதம் 18,000 ரூபாய் வாடகை வரும் வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பா செப்டம்பர் 14-ல் தவறிவிட்டார், உயில் இல்லை. வாரிசுகள் அம்மா, ஒரு மகன், ஒரு மகள். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை 90,000, செப்டம்பரில் 14 நாளுக்கு 8,400, ஆக 98,400 ரூபாய் அப்பா கணக்கு. அவர் பாதி வருடம்தான் இருந்தார் என்று வரிவிலக்கு வரம்பைக் குறைக்க மாட்டார்கள். முழு வரம்பும் உண்டு. மார்ச் வரை வரும் மீதி 1,17,600 ரூபாயில் ஆளுக்கு 39,200. இதில் வாடகை வருமானத்துக்குச் சட்டம் தரும் 30 சதவீதக் கழிவு போக 27,440-ஐ அவரவர் ரிட்டர்னில் காட்ட வேண்டும். வாடகை மகன் அக்கவுண்டில் விழுகிறது என்பதற்காக அவரே முழுவதையும் காட்டுவது தவறு. கட்டிக்கொடுத்த மகளின் பங்கை விட்டுவிடுவதும் தவறு.

அப்பாவின் ரிட்டர்னை வாரிசுதான் போட வேண்டும். போன் வீட்டில்தானே இருக்கிறது என்று அவர் ஆதாருக்கு வரும் ஓ.டி.பி.யை வைத்து முடிக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், இறந்தவர் கையெழுத்துப் போட்டதற்குச் சமம் அது. வாரிசு தன் பான் எண்ணில் இ-ஃபைலிங் தளத்துக்குள் போய், பிரதிநிதியாகப் பதிவு செய்யும் இடத்தில் 'இறந்தவர்' வகையைத் தேர்ந்தெடுத்து, இறப்புச் சான்று, இருவரின் பான், தாசில்தார் தரும் வாரிசுச் சான்று ஆகியவற்றை ஏற்ற வேண்டும். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் சீக்கிரமே மனுப் போடுங்கள். ஜூலை 31 நெருங்கும்போது ஓடினால் நேரம் பற்றாது. ரீஃபண்ட் வரவேண்டியிருந்தால் அதுவரை அப்பாவின் வங்கிக் கணக்கை மூடாதீர்கள், பானையும் ஒப்படைக்காதீர்கள். பழைய வரிப்பாக்கி இருந்தால் வாரிசின் பொறுப்பு, கைக்கு வந்த சொத்தின் மதிப்பு வரைதான்.

டெபாசிட் இருக்கும் வங்கிக்கு இறப்பை உடனே எழுத்தில் தெரிவியுங்கள். இறந்த தேதி வரையான வட்டிக்கு வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி (டி.டி.எஸ்.) அவர் பானிலும், அதன் பிறகு வாரிசு பானிலும் ஏற வேண்டும். சொல்லாமல் விட்டால் எல்லாம் அப்பா பானிலேயே ஏறும். வாரிசு வரி கட்டியும், வங்கி பிடித்த பணம் வாரிசின் வரிக் கணக்கில் தெரியாது. வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று அப்பா கொடுத்த 15எச் படிவமும் அவரோடு முடிந்தது.

நிலம் விற்கும்போதுதான் பெரிய தொகை. தருமபுரி, கிருஷ்ணகிரி நகராட்சிகளில் 2011 கணக்கெடுப்புப்படி மக்கள்தொகை லட்சத்துக்குள். அதனால் நகராட்சி எல்லையிலிருந்து நேர்கோட்டில் 2 கி.மீ. தாண்டிய மாந்தோப்பை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. லட்சத்தைத் தாண்டிய ஓசூருக்கு அதுவே 6 கி.மீ. விவசாயம் நடந்ததற்கு அடங்கல் நகலை எடுத்து வையுங்கள்.

வரி வரும் மனை என்றால், அப்பா வாங்கிய விலைதான் உங்கள் விலை. 2001-க்கு முன் வாங்கியது என்றால் 1.4.2001 அன்றைய சந்தை மதிப்பை எடுக்கலாம், அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல். 12,000 ரூபாய்க்கு வாங்கிய மனைக்கு 2001-ல் 4 லட்சம் மதிப்பு, இப்போது 30 லட்சத்துக்கு விற்கிறீர்கள் என்றால், 12.5 சதவீதத்தில் வரி 3,25,000 ரூபாய். பழைய கிரயத்தையே போட்டால் 3,73,500.

உயிரோடு இருக்கும்போதே எழுதி வைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. மனைவிக்கோ மருமகளுக்கோ தானசெட்டில்மென்ட் எழுதினாலும், அந்தச் சொத்தின் வாடகை எழுதியவரின் வருமானத்தோடுதான் சேரும். வயது வந்த மகன், மகளுக்கு எழுதினால் சேராது. உயிலில் எழுதினால் இந்தச் சேர்ப்புப் பிரச்சினையே இல்லை.