கியூரி ஓடிவிட்டது, விடைதான் தப்பு

ஒரு வேலைக்கான தேர்வில் முதன்முதலாக எஸ்கியூஎல் (தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி) எழுதியபோது ஐந்து கேள்விகளுக்கும் விடை போட்டேன். ஐந்து கியூரியும் (அந்த மொழியில் எழுதும் கேள்வி) ஒரு பிழைச் செய்திகூட இல்லாமல் ஓடின. முழு மதிப்பெண் என்று நினைத்தபடி வெளியே வந்தேன். மூன்று தப்பு. எழுத்துப் பிழை செய்தால் தரவுத்தளம் உடனே கத்திவிடும். யோசனையில் பிழை செய்தால் வாயே திறக்காமல் தப்பான விடையை எடுத்து நீட்டும். அந்த மூன்று தப்பையும் பிரித்து மேய்ந்த பிறகுதான் எனக்கு எஸ்கியூஎல் கொஞ்சம் பிடிபட்டது.

முதல் கேள்வி, இதுவரை ஒரு ஆர்டரும் போடாத வாடிக்கையாளர்களைக் கண்டுபிடிப்பது. ஆர்டர் டேபிளிலுள்ள வாடிக்கையாளர் எண்களை உள்கியூரியில் (கியூரிக்குள் எழுதும் இன்னொரு கியூரி) எடுத்து, ‘நாட் இன்’ (அந்தப் பட்டியலில் இல்லாதவை) போட்டேன். ஒரு வரிசைகூட வரவில்லை. எல்லோருமே ஆர்டர் போட்டிருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். நடந்தது வேறு. ஆர்டர் டேபிளில் ஒரே ஒரு வரிசையில் வாடிக்கையாளர் எண் நல் ஆக இருந்தது.

நல் என்றால் பூஜ்யம் இல்லை, ‘தெரியாது’ என்று பொருள். 1, 2, தெரியாது என்ற பட்டியலில் 7 இல்லைதானே என்று கேட்டால், அந்தத் தெரியாத எண் 7 ஆகவும் இருக்கலாமே என்று தரவுத்தளம் கையை விரிக்கும். உண்மை என்று உறுதியானதை மட்டும்தான், வரிசைகளை வடிகட்டும் ‘வேர்’ நிபந்தனை உள்ளே விடும். அதனால் எல்லா வரிசைகளும் கழன்றுவிடும். இந்த மாதிரிக் கேள்விக்கு இப்போது நான் ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ (பொருந்தும் வரிசை ஒன்றுகூட இல்லையா என்று பார்ப்பது) தவிர வேறு எதையும் தொடுவதில்லை. நல்லையும் நல்லையும் சமக்குறி போட்டு ஒப்பிட்டாலும் ‘தெரியாது’தான் வரும், ‘இஸ் நல்’ என்றுதான் கேட்க வேண்டும்.

ஃபங்ஷன்களில் இதே நல் இன்னும் நைசாக நுழையும். ஐந்து மாணவர்களின் மதிப்பெண் 80, 60, 40, நல், நல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி ஃபங்ஷன் 60 தரும், ஏனென்றால் அது மூன்று பேரைத்தான் எண்ணுகிறது. தேர்வுக்கு வராதவருக்குப் பூஜ்யம் என்பது விதியானால் சரியான விடை 36, அதற்கு ‘கோலெஸ்’ போட்டு நல்லைப் பூஜ்யமாக்கிவிட்டுச் சராசரி எடுக்க வேண்டும். எது சரி என்பதைக் கேள்வியைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ‘கவுண்ட்’டுக்குள் நட்சத்திரக் குறி போட்டால் 5, மதிப்பெண் நெடுவரிசையைப் போட்டால் 3. ஒரு வரிசையும் அகப்படாதபோது ‘கவுண்ட்’ பூஜ்யம் தரும், ‘சம்’ (கூட்டுத்தொகை) நல் தரும். ஆரக்கிளில் வெற்று எழுத்துச்சரமே நல்லாகத்தான் கருதப்படும், வேறு தரவுத்தளத்தில் பழகியவர்கள் அங்கே வழுக்குவார்கள்.

இரண்டாவது தப்பு, ‘லெஃப்ட் ஜாயின்’. இரண்டு டேபிளை இணைக்கும்போது, துணை இல்லாத இடப்பக்க வரிசையையும் விடாமல் வைப்பது அது. ஜனவரியில் ஒவ்வொரு பொருளும் எத்தனை முறை விற்றது, விற்காத பொருளையும் பூஜ்யத்தோடு காட்டு என்று கேள்வி. லெஃப்ட் ஜாயின் சரியாகவே போட்டேன். தேதி நிபந்தனையை ‘வேர்’ பகுதியில் வைத்ததுதான் வினை. விற்காத பொருளுக்கு விற்பனைத் தேதி நல், நிபந்தனையில் அது தோற்றுவிடும். என் லெஃப்ட் ஜாயின் சத்தமில்லாமல், துணை உள்ள வரிசைகளை மட்டும் வைக்கும் இன்னர் ஜாயினாகிவிட்டது. அந்த நிபந்தனை, எதை வைத்து இணைப்பது என்று சொல்லும் ஜாயினின் ‘ஆன்’ பகுதிக்குப் போக வேண்டும். எண்ணும்போதும் நட்சத்திரக் குறி கூடாது, விற்காத பொருளுக்கும் ஒரு வரிசை இருப்பதால் 1 என்று வந்துவிடும். விற்பனை எண் இருக்கும் நெடுவரிசையை எண்ணினால் பூஜ்யம் வரும்.

மூன்றாவதுதான் பெரிய பாடம். ஒரு ஆர்டரில் மூன்று பொருட்கள்: 200, 300, 500. அதற்குப் பணம் இரண்டு தவணை: 500, 500. இரண்டு பக்கமும் 1000தான். ஆர்டர், பொருள், பணம் மூன்று டேபிளையும் ஒரே மூச்சில் ஜாயின் செய்து கூட்டினேன். பொருள் மொத்தம் 2000, பணம் 3000 என்று வந்தது. மூன்று பொருளும் இரண்டு தவணையும் ஒன்றோடொன்று பெருகி ஆறு வரிசைகள் ஆகிவிட்டன. இரட்டிப்பு என்றதும் ‘டிஸ்டிங்ட்’ (ஒரே மதிப்பு திரும்ப வந்தால் ஒருமுறை மட்டும் எடுப்பது) போடக் கை பரபரக்கும். போட்டுப் பாருங்கள், இரண்டு தவணையும் 500 என்பதால் பணம் 500 ஆகச் சுருங்கிவிடும்! என் கணக்கில் டிஸ்டிங்ட் பல இடங்களில் காயத்தைக் கழுவாமல் போடும் கட்டுதான். பொருட்களை ஆர்டருக்கு ஒரு வரிசையாகத் தனியே கூட்டுங்கள், பணத்தையும் அப்படியே கூட்டுங்கள், பிறகு இணையுங்கள். துண்டுக்குப் பெயர் வைக்கும் ‘வித்’ போட்டு இரண்டு துண்டாக எழுதினால் படிக்கவும் சுலபம்.

இதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு ஜாயினுக்கும் பக்கத்தில் தாளில் எழுதுவேன்: இப்போது ஒரு வரிசை என்பது என்ன? ஆர்டரா, ஆர்டருக்குள் ஒரு பொருளா? எத்தனை வரிசைகள் வர வேண்டும்? ஓட்டிய பிறகு எண்ணிக்கை மாறினால் அங்கேயே நின்றுவிடுவேன்.

கியூரியை நாம் எழுதும் வரிசை வேறு, அதற்குப் பொருள்கொள்ளப்படும் வரிசை வேறு. ஃப்ரம் (எந்த டேபிள்), வேர், குரூப் பை (குழுவாக்கல்), ஹேவிங் (குழுக்களை வடிகட்டல்), செலக்ட் (காட்ட வேண்டியவை), ஆர்டர் பை (வரிசைப்படுத்தல்). இதை மனதில் வைத்தால் பாதி குழப்பம் தீரும். செலக்டில் நெடுவரிசைக்கு வைத்த புனைபெயர் ‘வேர்’ பகுதியில் ஏன் செல்லாது? அப்போது அது பிறக்கவே இல்லை. எண்ணிக்கை ஐந்துக்கு மேல் என்பதை ஏன் ஹேவிங்கில் எழுதுகிறோம்? ‘வேர்’ ஓடும்போது குழுக்களே இல்லை. ‘ரேங்க்’ போன்ற விண்டோ ஃபங்ஷனை (வரிசைகளைச் சுருக்காமல் ஒவ்வொன்றுக்கும் கணக்கிடுவது) ‘வேர்’ பகுதியில் நேரே எழுத முடியாமல் உள்கியூரியில் மடிப்பதற்கும் இதுவே காரணம்.

ரேங்க் என்றதும், எல்லாத் தேர்விலும் வரும் ‘இரண்டாவது அதிகச் சம்பளம்’. மூவரின் சம்பளம் 90, 90, 80 என்றால் ‘ரோ நம்பர்’ 1, 2, 3 என்று போடும். ‘ரேங்க்’ 1, 1, 3. ‘டென்ஸ் ரேங்க்’ 1, 1, 2. இரண்டாவது தொகை 80 வேண்டுமென்றால் டென்ஸ் ரேங்க்தான். ரேங்க் போட்டு 2 என்று கேட்டால் ஒன்றும் வராது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் 8.0 பதிப்பிலிருந்துதான் இவை உண்டு. பழைய பதிப்பு கையில் கிடைத்தால், அதிகபட்சத்தைவிடக் குறைந்தவற்றில் அதிகபட்சம் என்று எழுதுங்கள்.

சில்லறைத் தொல்லைகள் சில. நேரமும் சேர்ந்த தேதியில் ‘பிட்வீன்’ போட்டு ஜனவரி 31 என்று முடித்தால் 31ஆம் தேதி நள்ளிரவு 12 மணிக்குப் பிந்தைய அன்றைய விற்பனை முழுதும் போய்விடும், பிப்ரவரி 1க்குக் குறைவாக என்று எழுதுங்கள். தேதி நெடுவரிசையை ஆண்டு ஃபங்ஷனுக்குள் போட்டு ஒப்பிட்டால் சாதாரண இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் பட்டியல்) பயன்படாமல் போகும். 5ஐ 2ஆல் வகுத்தால் போஸ்ட்கிரெஸிலும் எஸ்கியூஎல் சர்வரிலும் 2, மைஎஸ்கியூஎல்லில் 2.5.

பயிற்சிக்கு லட்சம் வரிசைகள் தேவையில்லை. ஆறு வரிசையில் ஒரு டேபிளை நீங்களே கட்டுங்கள். அதில் ஒரு நல், ஒரு சமநிலை (இருவருக்கு ஒரே மதிப்பு), அடுத்த டேபிளில் துணையே இல்லாத ஒன்று, இரண்டு துணை உள்ள ஒன்று கட்டாயம் இருக்கட்டும். விடையை முதலில் கையால் போட்டு, பிறகு கியூரியை ஓட்டுங்கள். தேர்வில் சமநிலை வந்தால் என்ன செய்வது, நல்லை எப்படி எடுத்துக்கொள்வது என்று கேள்வி சொல்லாவிட்டால் கேட்டுவிடுங்கள். கேட்க ஆளில்லை என்றால் கியூரிக்கு மேலே இரட்டைக் கோடு (--) போட்டு, நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டீர்கள் என்று ஒரு வரி கமெண்ட் எழுதிவிடுங்கள். அடுத்த தேர்வில் எனக்கு ஒரு கேள்வியின் மதிப்பெண் அந்த ஒரு வரியால்தான் வந்தது.