ஐஸ் போடாமல் ஸ்டௌட்: மூன்று மாதமாகச் செய்து பார்த்தது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டில் ஸ்டௌட் என்கிற கறுப்பு பீர் என்றால் பெரிய பாட்டில், கைப்பிடி வைத்த மக், அது நிறைய ஐஸ். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்திலிருந்து மாமா அப்படித்தான் குடிக்கிறார். உடம்புக்குத் தெம்பு என்பார். எனக்கு அது வெறும் கசப்புத் தண்ணீர். ஆனால் பாலும் சீனியும் இல்லாத கறுப்புக் கோப்பியான கோப்பி ஓ கோசோங்கை ரசித்துக் குடிப்பவன் நான். அந்தக் கசப்பு பிடிக்கிறது, இது ஏன் பிடிக்கவில்லை? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இறங்கினேன்.

முதல் மாதம் ஐஸை மட்டும் நிறுத்தினேன். கின்னஸ் ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டௌட்டைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து இருபது நிமிடம் மேசையில் வைத்துவிட்டு ஊற்றினேன். "சூடாப் போயிடும்டா தம்பி" என்றார் மாமா. சூடாகவில்லை, கடுங்குளிர் மட்டும் போயிருந்தது. முதல் மிடறில் கருகல், அதன் பின்னால் வெல்லப்பாகு மாதிரி ஒன்று, கடைசியில் நாக்கின் ஓரத்தில் லேசான புளிப்பு. கடுங்குளிரில் நாக்கு மரத்துப்போய் கசப்பு மட்டுமே தெரிந்திருக்கிறது. ஐஸ் உருக உருக மற்ற ருசியும் நீர்த்துப் போயிருக்கிறது.

அந்தக் கருகல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, இரண்டாம் மாதம் பார்லி வறுத்தேன். தண்ணீர் காய்ச்சிக் குடிக்க வாங்கும் அதே பார்லிதான். குவாலியில் (வாணலியில்) எண்ணெய் இல்லாமல், சிறு தீயில். முதலில் பொரி வாசம். பிறகு ரொட்டியின் ஓரம் சிவந்த வாசம். அதற்குப் பிறகு வறுத்த கச்சான் (நிலக்கடலை) வாசம். மணி கறுத்துப் புகை கிளம்பியதும் வீடு முழுக்கக் கோப்பிக்கடை வாசம்! அந்தக் கட்டத்தில் சட்டென்று இறக்கிவிட வேண்டும். முதல் தடவை ஒரு நிமிடம் கூடுதலாக விட்டேன், சாம்பலாகக் கசந்தது. ஒரு கரண்டி கறுத்த பார்லியோடு வறுக்காத பார்லி ஒன்பது கரண்டி சேர்த்துச் சுடுநீர் ஊற்றினேன். கால் மணி நேரத்தில் தண்ணீர் கறுப்பு. கின்னஸிலும் வறுத்த பார்லி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். மற்றது பெரும்பாலும் வெளிர் நிற மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி. நிறத்தைப் பார்த்து 'ஸ்ட்ராங்' என்று பயப்படுகிறவர்கள் இதை ஒருமுறை செய்து பார்க்கலாம். கின்னஸின் இன்னொரு வகையான டிராட்டில் ஆல்கஹால் 4 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். லாகர் என்கிற சாதாரண வெளிர் பீர் பலவற்றில் 5 சதவீதம்.

கோப்பியை வைத்தே மற்றதும் புரிந்தது. கோப்பி ஓ கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் போட்டுக் கறுக்க வறுப்பார்கள். ஈப்போ வெள்ளைக் கோப்பிக்குச் சீனி சேர்ப்பதில்லை, கருகல் குறைவு. என் நாக்குக்கு ஸ்டௌட் முதல் வகை, அதன் உறவான போர்ட்டர் என்கிற கறுப்பு பீர் இரண்டாவது. ஆனால் இது கறாரான கோடு இல்லை. 'ஸ்டௌட் போர்ட்டர்' என்றால் முதலில் வீரியம் கூடிய போர்ட்டர் என்றுதான் அர்த்தம். 18ஆம் நூற்றாண்டு லண்டனில் மூட்டை சுமந்தவர்கள் விரும்பிக் குடித்ததால் போர்ட்டர் என்று பெயர் வந்தது. வேலை முடிந்து தோட்டத்துக் கள்ளுக்கடைக்குப் போனவர்களைத்தான் அப்போது நினைத்துக்கொண்டேன். 1817இல் டேனியல் வீலர் உருளையில் மால்ட் வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகுதான் கொஞ்சம் கறுத்த மால்ட்டிலேயே முழு நிறமும் கிடைத்தது. என் குவாலியில் நடந்ததும் அதுதான்.

மூன்றாம் மாதம் டிராட் டின். உள்ளே ஒரு சின்னப் பந்து உருளும், நைட்ரஜன் அதற்குள். திறந்ததும் அது பீறிட்டுப் பொடி நுரையாகிறது. கரியமில வாயுவின் குத்தல் குறைவதால் வாயில் பால் மாதிரி வழுக்குகிறது. எனக்கு அது கொஞ்சம் மென்மை அதிகம். ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு வைத்தால் காணாமல் போய்விடுகிறது. பிரட்டலின் மிளகுக்கும் கருகிய மசாலாவுக்கும் ஃபாரின் எக்ஸ்ட்ராதான் ஈடு கொடுக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு இரண்டு கிளாஸ் ஊற்றினேன், ஒன்றில் ஐஸ், ஒன்றில் இல்லை. ஐஸ் போட்டதைத்தான் குடித்து முடித்தார். அப்புறம் மற்றதை எடுத்து வெகுநேரம் முகர்ந்தார்.

"கோப்பி வாசம் வருதே தம்பி. இத்தனை வருஷமா இது எங்க இருந்துச்சு?"